பதின்மூன்று கிலோ

பிப்ரவரி 4, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரியில் இன்று என் சிறுநீரகங்களைப் புகழ்ந்தார்கள். இரண்டும் அருமையாக இருக்கின்றனவாம். தம்பி தர்மருக்கு எல்லாச் சோதனையிலும் பொருந்துகின்றனவாம். நாற்பத்தாறு வயதில் எனக்குள் இப்படி ஓர் அழகு இருப்பதை இதுவரை யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் ஆத்தியப்பனின் முகத்தில்கூடப் பெருமை தெரிந்தது, என்னவோ அவரே பார்த்துப் பார்த்து வளர்த்த மாதிரி.

பிறகு எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். தொண்ணூற்றொன்று. புகழ்ச்சி அத்தோடு நின்றது.

"இந்த எடையில நாங்க எடுக்க மாட்டோம்மா" என்றார் ஆபரேஷன் டாக்டர். "உங்களுக்குத்தான் ஆபத்து. எழுபத்தெட்டுக்குக் கீழ வாங்க, அப்புறம் பேசலாம்."

பதின்மூன்று கிலோ. எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸே அதைவிடக் கொஞ்சம்தான் கூட.

தர்மருக்கு ஒரு வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிரஷரைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. எங்கள் ஊரான விருதுநகரிலேயே பரோட்டாக்கடை வைத்திருக்கிறான். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கல்லாவில் உட்காருகிறான். டாக்டர் சொன்னபோது அவனும் அங்கேதான் இருந்தான். வெளியே வந்ததும், "விடுக்கா, ஆகாத காரியம்" என்றான். குரலில் இருந்தது ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன்

எடைக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார் என்று அதே ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்தார்கள். டாக்டர் நூருன்னிசா. என்னைவிடச் சின்ன வயது. ஒல்லி. பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

வாயைக் கட்டச் சொல்வார், ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவார் என்று போனேன். அந்த அம்மா முக்கால் மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். எந்த வயதிலிருந்து எடை ஏறியது, வீட்டில் வேறு யார் குண்டு, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், மாதவிலக்கு எப்படி, முட்டி வலிக்கிறதா, மனசு எப்படி இருக்கிறது. இடுப்பை அளந்தார். கழுத்தையும் அளந்தார். கழுத்தை எதற்கு என்று கேட்டேன்.

"குறட்டை விடுவீங்களா?"

"லேசா" என்றேன்.

ஆத்தியப்பன் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா, மில்லுல பருப்பு உடைக்கிற மெஷின் பக்கத்துலதான் இருபது வருசமா வேலை பாக்கேன். வீட்டுக்கு வந்தாலும் வேலையில இருக்கிற மாதிரியே இருக்கும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அவரிடமே கேட்டார். ஆமாம் என்றார் இவர். அது நிற்கும்போதெல்லாம் முழித்து உட்கார்ந்து, திரும்ப வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ரத்தப் பரிசோதனை ஒரு முழப் பட்டியல். சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, கல்லீரல்.

"எப்பப்ப சாப்பிடுவீங்க?"

"எல்லாரும் சாப்பிடுற மாதிரி மூணு வேளை."

"நடுவுல?"

பள்ளிக்கூட ஆபீசில் நான் கிளார்க். நடுவில் என்ன நடக்கும் என்பது சம்பளப் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியும். முறுக்கு, மிக்சர், யாராவது பிறந்தநாள் என்று கொண்டுவரும் கேக். "கொஞ்சம் டீ" என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னது மட்டும் மனசில் நிற்கிறது. "இது உங்க குணக்கேடு இல்லம்மா. பிரஷர், சுகர் மாதிரி இதுவும் ஒரு நோய். வைத்தியம் இருக்கு. ஆனா தம்பிக்காகக் குறைச்சுட்டுத் திரும்ப ஏத்தினீங்கன்னா, மிச்சம் இருக்கிற ஒத்தைக் கிட்னிதான் சுமக்கணும். அதனால உங்களுக்காகவும் குறைங்க."

எனக்காக எதற்கு என்று புரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

தைராய்டு சரி. சர்க்கரை எல்லையில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை. கல்லீரலில் கொழுப்பு. தூக்கத்தில் மூச்சு நிற்பது உண்மைதான். ஒரு ராத்திரி மெஷின் கட்டித் தூங்கவைத்துப் பார்த்துவிட்டார்கள். ராத்திரி மூக்கில் ஒரு மூடியை மாட்டி, குழாய் வழியே காற்று விடும் கருவி கொடுத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். விமானம் ஓட்டப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

சாப்பாடு முறைப்படி மாறிவிட்டது. தட்டில் பாதி காய், கால் பங்கு முட்டையோ மீனோ சுண்டலோ, மிச்சக் கால் பங்கில் சோறு. சாப்பிடும் முன் தட்டை போட்டோ எடுத்து உணவு ஆலோசகருக்கு அனுப்ப வேண்டும். சோற்றின் மேல் கீரையைப் போட்டு மூடி எடுத்தால் பச்சைப்பசேல் என்று நன்றாக விழுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

எண்பத்தொன்பது. காலையில் பேருந்து நிலையம் வரை நடந்து திரும்பினேன்.

சாயங்காலம் தர்மரின் மனைவி ஜெயசுதா வந்தாள். கையில் பொட்டலம். சூடு தாங்காமல் வாழையிலை வாசம் வந்தது. எண்ணெயில் பொரித்த பரோட்டா நாலு, சால்னா, சுக்கா.

"மதினி, அவுக குடுத்து விட்டாக. இன்னைக்கு அவுகளுக்குப் பிறந்தநாளாம்."

தர்மர் பிறந்தது ஆவணியில். நான்தான் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூடப் போனேன். ஆனால் நோயாளி மனசு. ஆசையாக அனுப்பியிருக்கிறான், திருப்பி அனுப்பினால் வருத்தப்படுவான். இரண்டு மட்டும் சாப்பிட்டேன். மூன்றாவது கிழிந்திருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

தர்மருக்கு மறுபடியும் பிறந்தநாள். இந்த முறை நட்சத்திரப்படியாம்.

ஏப்ரல் 3, வியாழன்

எண்பத்தெட்டரை. நூருன்னிசா டாக்டர் என் எடைக் கணக்கையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உங்க உடம்பு எடையை விடாமப் புடிச்சு வைக்கப் பாக்கும். பசியைக் கூட்டும். அது அதோட வேலை. நாம மருந்தும் சேத்துக்கலாம்" என்றார். வாரம் ஒரு ஊசி, வயிற்றில் நாமே போட்டுக்கொள்வது. முதலில் குறைந்த அளவு, மாதாமாதம் ஏற்ற வேண்டும். பசி அடங்கும், குமட்டல் வரலாம். ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்திவிடுவார்களாம். நடையும் சாப்பாட்டு முறையும் அப்படியே தொடர வேண்டும், ஊசி அவற்றுக்குப் பதில் இல்லை என்று மூன்று முறை சொன்னார். என் கீரைப் போட்டோக்களைப் பார்த்திருப்பாரோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். ஊரே தின்கிறது. பொருட்காட்சிக்குப் போனோம். மிளகாய் பஜ்ஜிக் கடை முன்னால் நின்றேன். வாசம் வந்தது, ஆனால் கால் நிற்கவில்லை, நடந்துவிட்டது. என் ஆயுளில் இப்படி நடந்ததில்லை. ஊசிக்கு என்று ஒரு மரியாதை வந்திருக்கிறது.

ஆத்தியப்பன் இரண்டு பஜ்ஜி வாங்கி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றார். நல்ல மனிதர்.

மே 11, ஞாயிறு

எண்பத்தைந்து. ரவிக்கைக் கை தொளதொளக்கிறது. ஆபீசில் தலைமையாசிரியை, "ராஜகனி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். குண்டாக இருந்தபோது யாரும் இதைக் கேட்கவில்லை.

தர்மர் வீட்டுக்கே வந்தான். என்னைச் சுற்றி வந்து பார்த்தான். "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. நல்லாவேயில்லக்கா" என்றான். பிறகு, சாத்தூரில் யாரோ ஒரு பெண் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுத்துவிட்டு எழுந்திரிக்கவே இல்லை என்று ஒரு கதை சொன்னான். பேர் கேட்டேன். தெரியாதாம். தெரு கேட்டேன். அதுவும் தெரியாதாம். போகும்போது மேஜை மேல் ஒரு பொட்டலத்தை மறந்து வைத்துவிட்டுப் போனான். கொத்துப் பரோட்டா. மறதி கூடிவிட்டது அவனுக்கு.

ஜூன் 14, சனி

எண்பத்தொன்று. முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை. நூருன்னிசா டாக்டர் சர்க்கரைத் தாளைப் பார்த்து, "எல்லையை விட்டு உள்ள வந்துட்டீங்க" என்றார். ஆபரேஷன் டாக்டரும் அந்த அறைக்கே வந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் மூணு கிலோதான். ஆகஸ்டுல தேதி பாத்துரலாம்" என்றார்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஜூன் 29, ஞாயிறு

எண்பத்தொன்றரை. வீட்டு மெஷின் சரியில்லை.

ஜூலை 6, ஞாயிறு

எண்பத்திரண்டு. புது மெஷின் வாங்கினோம். இதுவும் சரியில்லை.

இந்த வாரம் ஊசி போட மறந்துவிட்டேன். போன வாரமும்.

ஜூலை 13, ஞாயிறு

தர்மரின் கடையில் புதுக் கல் போட்டிருக்கிறார்களாம், முதல் பரோட்டா அக்காவுக்கு என்று அனுப்பியிருந்தான். ஆறு. எனக்குப் பசியே இல்லை. ஆறையும் சாப்பிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் ஜெயசுதா போன் பண்ணினாள். தர்மருக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. அவசரமாக டயாலிசிஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஆத்தியப்பனும் போய்ச் சேர்ந்தபோது அபாயம் தாண்டிவிட்டது என்றார்கள்.

ஜெயசுதா வராண்டாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

"மதினி, என்னை மன்னிச்சிருங்க. பொறந்தநாளும் இல்ல, புதுக் கல்லும் இல்ல. நீங்க எடை குறையக் கூடாதுன்னுதான் அவுக குடுத்து விட்டாக. அக்காவை அறுக்க விட மாட்டேன்னு ஒரே புடிவாதம். நானும் வாய மூடிக்கிட்டுச் சுமந்துட்டு வந்தேன்."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ரெண்டாவது பொறந்தநாள் அன்னைக்கே தெரியும்."

அதற்குப் பிறகு அவள் கேட்க வேண்டிய கேள்வியை அவள் கேட்கவில்லை. ஆத்தியப்பனும் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் வாடகைக் காரில் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 21, திங்கள்

தெரிந்தும் ஏன் சாப்பிட்டாய்? யாரும் கேட்காததால் நானே கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுதப் பிடிக்கவில்லை. ஆபீசுக்குப் போனேன். சம்பளப் பட்டியலில் இரண்டு பேர் பெயரை மாற்றிப் போட்டேன்.

ஜூலை 23, புதன்

தர்மரைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஜெயசுதாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பொறந்தநாள் வாழ்த்துக்கள்" என்றேன்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். "சொல்லிட்டாளா?"

"எதுக்குடா?"

"எதுக்குன்னா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் கிட்னியை வயித்துல வெச்சுக்கிட்டு நான் எப்படிக்கா தூங்குவேன்? அத்தான் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"அத வாயால சொல்ல வேண்டியதுதானே. எதுக்கு சுக்கா குடுத்து விட்ட?"

"சொன்னா நீ கேப்பியா? சுக்கான்னா கேப்ப."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்போதுதான் சொன்னேன். முதலில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்டில் தேதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்குப் பயம். கத்தி, மயக்க மருந்து, முழிக்காமல் போனால் என்ன என்று. தம்பிக்குக் கொடுக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எடை குறையவில்லை என்றால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதனால் நீ அனுப்பியதையெல்லாம் தின்றேன். ஊசியை மறந்தேன்.

"அப்ப என் பரோட்டா ருசிக்காகச் சாப்பிடலையா?" என்றான் தர்மர்.

"சால்னாவுல உப்பு கூட."

"என்னை இப்ப ருசி பாக்க விடறதில்லையே" என்றான்.

கையைப் பிடித்துக்கொண்டான். டயாலிசிஸ் ஊசிகள் குத்திக் குத்தி அந்தக் கை வீங்கிக் கிடக்கிறது. "வேண்டாம்னா வேண்டாம்க்கா. நான் இப்படியே ஓட்டிருவேன்" என்றான். அவன் மூச்சு அப்போதும் சீராக இல்லை.

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன். வேண்டாம்னு சொல்லல" என்றேன்.

ஜூலை 31, வியாழன்

நூருன்னிசா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரைப் போட்டோ உட்பட. கீரை விஷயம் முன்பே தெரியுமாம்.

"பயத்துல சாப்பிடறதும் வைத்தியத்துல ஒரு பகுதிதாம்மா. முன்னாடியே சொல்லியிருந்தா முன்னாடியே பாத்திருக்கலாம்" என்றார். மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். மயக்க மருந்து டாக்டரையும் பார்க்க வைத்தார். அவர் ஒவ்வொரு படியாகச் சொன்னார், நான் கேட்ட அசட்டுக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். முழிக்காமல் போனவர்கள் உண்டா என்று கேட்டேன். மிக மிக அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார். பொய் சொல்லாததால் அவரை நம்பலாம் போலிருந்தது.

விட்ட ஊசியைப் பழைய அளவில் தொடர முடியாதாம். மறுபடி கீழ்ப்படியிலிருந்து. தேதி செப்டம்பருக்கு அப்பால் போகலாம். போகட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எண்பத்தொன்று. தர்மரும் நானும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அவன் குடிக்கும் நீர் அளவு மீறாமலிருக்க நான் கணக்குக் கேட்பேன். நான் தின்பதை அவன் கேட்பான். பொய் சொன்னால் ஜெயசுதா நடுவர்.

"இன்னைக்கு என்னக்கா சாப்பிட்ட?"

"ரெண்டு முட்டை, வெண்டைக்காய், கொஞ்சம் சோறு."

"கொஞ்சம்னா?"

"உன் கல்லாப்பெட்டியில சில்லறை போடற கிண்ணம் அளவு."

"அது பெரிய கிண்ணம்க்கா."

இவனோடு பேசினால் சாப்பிட்டது தானாகச் செரித்துவிடுகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுபத்தொன்பதேகால். ஒரு நாளைக்கு இரண்டு நடை. சாயங்காலம் ஆத்தியப்பனும் கூட வருகிறார். அவர் மூன்று கிலோ குறைந்திருக்கிறார். யாரும் கேட்கவே இல்லை, அவருக்கு அதில் வருத்தம்.

அக்டோபர் 9, வியாழன்

எழுபத்தேழு புள்ளி எட்டு. ஆஸ்பத்திரி மெஷினில். செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, மூச்சையும் விட்டுவிட்டு ஏறினேன்.

பிறகு உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழு முன்னால் உட்கார வைத்தார்கள். தானம் கொடுப்பவர்களைத் தனியாக விசாரிப்பது வழக்கமாம். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று ஒருவர் கேட்டார்.

"தம்பி வேண்டாம்னுதான் கட்டாயப்படுத்தினான்" என்றேன்.

"உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு சார். இருந்தாலும் கொடுக்கேன்."

எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 12, புதன்

ஊசியை நிறுத்திச் சில வாரம் ஆகிறது. பசி திரும்ப எட்டிப் பார்க்கிறது. எடை அப்படியே நிற்கிறது. நாளை காலை ஆபரேஷன். ஜெயசுதா இரண்டு வார்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆத்தியப்பன் நான் ராத்திரி மூக்கில் மாட்டும் கருவியைப் பையில் எடுத்து வந்து, எங்கே மாட்ட வேண்டும் என்று நர்சுக்கே பாடம் எடுத்தார். பிறகு வெளியே போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தார் போலும்.

நவம்பர் 16, ஞாயிறு

முழித்துவிட்டேன். வேறு என்ன எழுத.

வலிக்கிறது. இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். மெதுவாக நடக்க வைத்தார்கள். தர்மரைக் கண்ணாடி அறையில் வைத்திருக்கிறார்கள், தொற்று வரக் கூடாதென்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் செல்போனை எடுத்தான். என் போனும் அடித்தது.

"அக்கா."

"சொல்லு."

"ஒண்ணுக்குப் போறேன்க்கா."

ஒரு வருடமாக அவனுக்கு அது துளிகூட வரவில்லை. நாற்பத்திரண்டு வயது ஆள், மீசை வைத்த ஆள், கண்ணாடிக்குள் உட்கார்ந்து இதைச் சொல்லி அழுகிறான். பக்கத்தில் நர்ஸ் அளவு ஜாடியை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினாள். தங்கம் எடை போடுகிற கடையில்கூட அப்படிப் பார்த்ததில்லை நான்.

"நிறைய போடா" என்றேன்.

டிசம்பர் 27, சனி

நூருன்னிசா டாக்டரிடம் போனேன். எழுபத்தொன்பது. ஏறியிருக்கிறது.

"ஏறும். படுத்திருந்தீங்கல்ல. மறுபடி ஆரம்பிப்போம்" என்றார். சிறுநீரக டாக்டரோடு பேசிவிட்டு ஊசியைத் திரும்பத் தொடங்கலாமாம். பிறகு, "இதுவரைக்கும் எழுபத்தெட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

எனக்கு என்று யாரும் கேட்டுப் பழக்கமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

யோசித்தாகிவிட்டது. விருதுநகர் ரயில் நிலைய நடைமேம்பாலத்தை நடுவில் நிற்காமல் ஏற வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதற்குப் பயந்து ரயிலிலேயே போவதில்லை. பஸ்தான்.

தர்மரிடம் சொன்னேன். வெளியே நடமாடலாம் என்று அவனுக்கும் டாக்டர் அனுமதி கொடுத்திருக்கிறார். முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். இரண்டு பேரும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினோம். சந்தையில் வாங்கிய காய்கறிப் பை என் கையில் இருந்தது.

நிற்காமல் ஏறினேன். நடுவில் மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கீழே ஒரு ரயில் வந்தது. அதில் வருகிறவர்கள் யாரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்தோம்.

தர்மர் பின்னால் ஏறி வந்து பக்கத்தில் நின்றிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நன்றி, தெய்வம் என்று ஆரம்பிக்கப் போகிறான். அவனுடைய பழைய சிறுநீரகங்களை டாக்டர்கள் எடுக்கவில்லை. அவை வேலை செய்யாவிட்டாலும் உள்ளேயே இருக்குமாம், புதியதை அடிவயிற்றில் தனியாக வைப்பார்களாம். ஆபரேஷனுக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும்.

"உன்கிட்ட மூணு இருக்கு, என்கிட்ட ஒண்ணுதான்" என்றேன். "பையைத் தூக்குடா."

தூக்கினான்.